பெட்டி வாடகை

எந்த ஊரிலிருந்து வரணும் என்பதுதான்
என் முதல் கேள்வி.
இறந்தவர் பெயரைப் பிறகு கேட்டுக்கொள்வேன்.

துபாய் என்றால் ஒரு நாள் வாடகை போதும்.
சிங்கப்பூர்க்காரர் சில சமயம்
ஷாமியானாவுக்கு முன்னாலேயே வந்து நிற்பார்.
மெல்பர்ன் ஒன்றரை.
அமெரிக்கா என்றால் எந்தக் கரை என்பேன்,
கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே
முந்நூறு ரூபாய் இருக்கிறது.
நான் விமானம் ஏறியதில்லை.
பல்லாவரத்தில் கடை, மூன்று ஐஸ் பெட்டிகள்,
ஒரு டாட்டா ஏஸ், ஒரு ஜெனரேட்டர்.

பொழிச்சலூரில் தணிகாசலம்.
முப்பத்தோரு வருடம் மாநகரப் பேருந்தில் கண்டக்டர்.
மகள் இந்துமதி வான்கூவரில்.
போனில் தட்டிப் பார்த்தேன்:
பன்னிரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர்,
நேராகப் பறந்தால் பதினைந்து மணி நேரச் சொச்சம்.
நேராக எதுவும் பறப்பதில்லை.
நடுவில் பிராங்க்பர்ட்டில் ஐந்து மணி நேரம் நாற்காலி.
செவ்வாய் சாயங்காலம் அங்கே ஏறுகிறவள்
வியாழன் விடிவதற்குள் இங்கே இறங்குவாள்.
புதன்கிழமை அவளுக்கு மேகத்தில் போய்விடும்.
எங்களுக்குத்தான் அது
நடுக்கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது.

பூங்கோதையம்மா கேட்டார்,
"அது எத்தனை ஸ்டேஜுப்பா?"
இங்கிருந்து பிராட்வே போல
ஐந்நூற்றைம்பது பிராட்வே வரும் என்றேன்.
"அவ்வளவுக்குச் சில்லறை இருக்காதே
அவர் பையில" என்றார்.
சிரித்தாரா என்று தெரியவில்லை.

மகன் குணாளன் திருவொற்றியூரில்.
முப்பத்திரண்டு கிலோமீட்டர்.
ஒன்பது வருடமாக இந்தப் பக்கம் வரவில்லை.
யாரோ சொல்லி அனுப்பியதாகச் சொன்னார்கள்.
யாரோ போனை எடுக்கவில்லை என்றும் சொன்னார்கள்.

புதன் இரவு பத்தரைக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் மூன்றாவது இழுப்பில்தான் கிளம்பியது.
அதற்குள் கண்ணாடி முழுக்கப் பனி பூத்து
தணிகாசலம்
மழைநாள் ஜன்னல் சீட்டுக்காரர் போலிருந்தார்.
துணியால் துடைத்துவிட்டேன்.

ஒரு மணிக்கு, போன் திரையில்
அரபிக்கடல் மேல் மஞ்சளாக ஒரு எறும்பு.
"நகரவே மாட்டேங்குதே" என்றார் அம்மா,
மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு.
விரலால் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.
"இப்போ நகருது."

மூன்று நாற்பதுக்கு
அலமாரி டம்ளர்கள் கிணுகிணுத்தன.
அந்தத் தெருவுக்கு மேல் ராத்திரி பகலாக விமானம்,
யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.
அன்றைக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகளெல்லாம் எழுந்து நின்றன.
கூரைக்கும் அவளுக்கும்
நானூறு அடி இருந்திருக்கும்.
அந்த நானூறு அடியை இறங்கிவர
அவளுக்கு இரண்டு மணி நேரம்:
இமிகிரேஷன் வரிசை, பெட்டி வராத பெல்ட்,
ஓடிபி கேட்கும் டாக்சி,
ரன்வேயைச் சுற்றிக்கொண்டு பல்லாவரம் மேம்பாலம்.

கழுத்துத் தலையணையைக் கழற்ற மறந்து வந்தாள்.
கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்துவிட்டு
என்னைத்தான் பார்த்துக் கேட்டாள்,
"அப்பாவுக்கு ரொம்ப ஜில்லுனு இருக்குமா?"
பன்னிரண்டு வருடத் தொழிலில்
வாடகையைத் தவிர என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.
ஏசி பஸ் மாதிரிதான் என்றேன்.
"அவர் ஏசி பஸ்ல டூட்டி பாத்ததே இல்ல"
என்றார் பூங்கோதையம்மா.

வெளிச்சம் வந்துவிட்டது.
பிளக்கைப் பிடுங்கக் குனிந்தபோது
தெருமுனையில் ஒரு பைக்.
இஞ்சின் ஓடுகிறது, கால் தரையில்,
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
திருவொற்றியூர்க் கடைப் பெயர் போட்ட பை
டேங்க் மேல்.

அங்கிருந்து வாசலுக்கு அறுபது அடி.

பிளக்கிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.